மலைமேல் வந்த சுதந்தரம்
(நம் சங்கத்தின் கள்ளக்குறிச்சிக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



'தேசமும் குடிகளும்' என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு காரியதரிசியார் பணித்தனர். தேசமோ பெரிது. நம் மேற்றிசையில் நாடோறுங் காணும் கல்வராயன் மலையளவில் அதனை ஆராய்வாம்.

சென்ற ஆகஸ்டு 15-இல் எம் வகுப்பில், நமக்குச் சுதந்தரம் எப்போது வந்தது என வினவினேம். பிள்ளைகள் யாவரும் 1947 என்றனர். வெள்ளிமலைப் பக்கத்துச் சிறுவன் ஒருவன் மட்டும், "ஜாகீர் போனப்பதான்னு எங்க தாத்தா சொல்லுவாருங்க ஐயா" என்றான். வகுப்பு நகைத்தது. யாமும் சிறிது நகைத்தேம், அதனை மறைப்பானேன்? வீடு சென்று எண்ணியபோதே அவன் சொல்லிற் பிழையின்மை விளங்கிற்று.

சட்டவழி நோக்கின் அம்மலை 1947-இலேயே இந்தியாவில் அடங்கியதுதான். ஆயினும் சடையக் கவுண்டர், குறும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்னும் மூன்று ஜாகீர்தார் மரபினர்க்கே குடிகள் வரிசெலுத்தி வந்தனர். கிருஷ்ணதேவராயர் அளித்த உரிமை அஃதென்பது கர்ணபரம்பரை. ஆங்கிலேயரும் அதனைக் கலைத்திலர். ஐந்நூற்றுக்கு மேற்பட்ட சமஸ்தானங்களை வல்லபாய் பட்டேல் இணைத்தார். நம் புதுக்கோட்டையும் 1948-இல் இணைந்தது. கல்வராயனோ சமஸ்தானமுமன்று, சர்க்கார் கிராமமுமன்று. ஆகலின் எவர் கண்ணிலும் படாது நின்றது. 1963-இல் இனாம் ஒழிப்புச் சட்டம் பிறந்தது, வழக்குகள் குறுக்கிட்டன. ஜாகீர் ஒழிந்தது 1976-இலேதான்.

'மலையாளி' என்னும் பெயர் கேட்டு அவரைக் கேரளத்தார் எனக் கருதுவார் நம்மிலும் உளர். மலையில் வாழ்வோர் என்பதே பொருள். அவர் பேசுவது தமிழ். முன்னோர் காஞ்சியினின்று போந்தனர் என்பது அவர்தம் வழக்கு. அரசியற் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணை பழங்குடிப் பகுதிகட்குத் தனிக்காப்பு வகுத்துள்ளது. பத்து மாநிலங்களில் அத்தகைய பகுதிகள் உள; தமிழ்நாட்டில் ஒன்றேனும் இல்லை. மொழி ஒன்றாயின் குறையும் ஒன்றே என நாம் வாளா இருந்துவிட்டோமோ என்பது எம் ஐயம்.

2024 ஜூனில் நம் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதின்மர்க்கு மேற்பட்டோரை மாய்த்தது. இறந்தவருட் பலர் நகரத்தார், பழியோ மலையேறிற்று. கடைத்தெருவில் மலைக்குடிகள் அனைவரையுமே சாராயம் காய்ச்சுவோர் என ஏசக் கேட்டேம். ஏசியவருள் நம்மவரும் இருந்தனர். அதன்பின்னரே சென்னை உயர்நீதிமன்றம் தானே முன்வந்து அம்மக்களின் வாழ்நிலைபற்றி வழக்கெடுத்துச் சாலை முதலிய வசதிகள் குறித்து அரசை வினவிற்று. ஜாகீர் ஒழிந்து நாற்பத்தெட்டாண்டு கழிந்தபின்!

அரசைக் குறைகூறல் எளிது. மலைக் கடுக்காயும் புளியும் வாங்கி விற்றுப் பொருளீட்டிய குடும்பங்கள் நம்மிடை உள. நம் சங்க மாணவர் விடுதிக்கு அவர் கொடையும் சேர்ந்துள்ளது. அவ்விடுதியிலோ நம் குலச் சிறுவரன்றிப் பிறர் தங்கலாகாதென்பது விதி. எம் வகுப்புச் சிறுவன் நாள்தோறும் விடியுமுன் புறப்பட்டு மலையிறங்குகின்றான். மழைக்காலத்துப் பல நாள் வருவதில்லை.

விடுதியில் இரண்டிடம் மலைப்பிள்ளைகட்கு ஒதுக்குமாறு விண்ணப்பம் எழுதிக் காரியதரிசியாரிடம் தந்துள்ளேம். முதியோர் சிலர்க்கு உடன்பாடின்மை அறிவேம். அவர் தடைகளை இவ்வவையிலேயே கேட்க விழைகின்றேம். ஆனி மாதச் சேர்க்கைக்கு முன் காரியக் கமிட்டி இதனை வாக்கெடுப்பிற்கு விடுமாறு வேண்டி அமர்கின்றேம்.