வீட்டுக் காவலும் ஊர்க் காவலும்



சோழர் காலத்துக் கல்வெட்டுகளில் 'பாடிகாவல்' என்றொரு வரி காணப்படுகிறது. ஊரைக் காப்பதற்கென ஊரார் செலுத்திய வரி அது. காவல் என்பது ஊர் முழுவதற்கும் பொதுவான கடமை என்று நம் முன்னோர் கருதினர். இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருளும் அதுவேயாகும்.

நம் கிராமங்களில் ஆண்களும் பெண்களும் வயலுக்குச் சென்றபின், வீட்டில் எஞ்சியிருப்போர் முதியோரே. வஞ்சகர் அந்த நேரத்தையே நாடி வருகின்றனர். அவர்களுடைய தந்திரங்கள் சிலவற்றை நாம் அறிந்துகொள்ளுதல் அவசியம்.

முதலாவது, நகைக்கு மெருகிடுவதாகச் சொல்லி வருதல். குத்துவிளக்கையும் வெள்ளிக் கொலுசையும் இலவசமாகத் துலக்கிக் காட்டுவர். நம்பிக்கை பிறந்ததும் தாலிச் சங்கிலியைக் கேட்பர். நைட்ரிக் அமிலமும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கலந்த இராஜதிராவகம் தங்கத்தைக் கரைக்கும் தன்மையுடையது. அதில் தோய்த்த நகை பளபளப்புடன் திரும்பி வரும், எடையோ குறைந்திருக்கும். கரைந்த பொன் அவர்களுடைய பாத்திரத்தில் தங்கிவிடும். சிலர் நகையை மஞ்சள் தூளுடன் டப்பாவில் மூடித் தந்து, ஒரு மணி நேரம் கழித்துத் திறக்கச் சொல்வர். திறந்து பார்த்தால் நகை இராது.

இரண்டாவது, சர்க்கார் உத்தியோகஸ்தர் வேடம். "முதியோர் உதவித்தொகை வாங்கித் தருகிறோம், நகையோடு படம் எடுத்தால் மனு தள்ளுபடியாகும், கழற்றி வையுங்கள்" என்பர். உதவித்தொகைக்காக நகையைக் கழற்றச் சொல்லும் உண்மையான அதிகாரி எவரும் இலர். வீட்டு வாசலில் கைரேகையோ, கைப்பேசிக்கு வந்த இரகசிய எண்ணோ கேட்பவரிடமும் இதே எச்சரிக்கை வேண்டும். பொது ஊழியர்போல் நடிப்போருக்கு 2023ஆம் ஆண்டின் பாரதிய நியாய சன்ஹிதா, 204ஆம் பிரிவின்படி 6 மாதத்திற்குக் குறையாமல் 3 ஆண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கிறது.

மூன்றாவது, தோஷம் கழித்தல். நகையைக் கலசத்தில் இடச் செய்து, 48 நாள் திறக்கலாகாது என்று சொல்லிச் செல்வர். கலசம் அப்போதே மாற்றப்பட்டிருக்கும்.

இனித் திருடரைப் பற்றிச் சில வார்த்தைகள். சாவியை வாசல் மாடத்திலோ பூந்தொட்டியின் கீழோ வைக்கும் வழக்கத்தை விட்டொழிக்க வேண்டும். கடப்பாரை, மண்வெட்டி, ஏணி ஆகியவற்றைக் கொட்டகையில் போட்டுவைத்தால், திருடன் வெறுங்கையோடு வந்தாலும் போதும். கொல்லைக் கதவுக்கும் வலுவான தாழ்ப்பாள் தேவை. நெல் விற்ற பணத்தை வீட்டில் வைக்காமல் அன்றே வங்கியில் செலுத்துவது நலம். வெளியூர் செல்வோர் அண்டை வீட்டாரிடமும் காவல் நிலையத்திலும் தெரிவித்துச் செல்லலாம்.

பஞ்சாயத்துக்கும் இதில் பங்குண்டு. தெருவிளக்கு அமைத்தல் 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி கிராம ஊராட்சியின் கடமை. எரியாத விளக்குகளை உறுப்பினர்கள் கணக்கெடுத்துச் சீர்செய்ய வேண்டும். மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 முதலிய நாட்களில் கூடும் கிராம சபையில் இத்தந்திரங்களை எடுத்துரைப்பதும் பயன் தரும்.

திருட்டு நடந்துவிட்டால், பூட்டையும் பீரோவையும் தொடாதீர்கள், கைரேகை அழிந்துவிடும். 112 என்ற எண்ணுக்குத் தெரிவியுங்கள். வங்கிப் பணம் கைப்பேசி வழியே பறிபோனால் தாமதமின்றி 1930ஐ அழையுங்கள். முதல் தகவல் அறிக்கையின் நகலைப் புகார் கொடுத்தவர் இலவசமாகப் பெறலாம்.

இறுதியாக ஒன்று. எச்சரிக்கை வேறு, வெறி வேறு. 2018ஆம் ஆண்டு மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், குழந்தை கடத்துவோர் என்ற வதந்தியை நம்பிய கூட்டத்தார், கோவிலுக்கு வழி தேடி வந்த ஒரு மூதாட்டியை அடித்துக் கொன்றனர். போன உயிரை எவரால் மீட்க இயலும்? புதியவரைக் கண்டால் பெயரும் ஊரும் கேளுங்கள். அடையாளச் சீட்டைப் பாருங்கள். ஐயமிருப்பின் காவல் நிலையத்துக்குச் சொல்லுங்கள். கண்ணெதிரே திருடும்போது பிடிபட்டவனையும் 6 மணி நேரத்துக்குள் போலீசாரிடம் ஒப்படைக்க வேண்டும் என்பதே சட்டம். அவனை அடிக்கும் உரிமை நமக்கில்லை.

தாகத்தோடு வருபவருக்குத் தண்ணீர் தருவது நம் பண்பு. அதை நாம் கைவிட வேண்டியதில்லை. தண்ணீரைத் திண்ணையில் தருவோம். நகையையும் சாவியையும் உள்ளே வைத்துக் காப்போம்.