பழி தமிழுக்கன்று, பிழை ஒரு வரியில்



இணையப் படிவமொன்றில் தம் பெயரைத் தமிழில் எழுதி அனுப்புகின்றார் ஒருவர். திரும்பி வந்து நிற்பனவோ ஐந்தாறு கேள்விக்குறிகள்! அல்லது, கொம்பும் கோடும் தாங்கிய இலத்தீன் எழுத்துக் குப்பை. உடனே எழுகின்றது தீர்ப்பு: “கணினிக்குத் தமிழ் ஒத்துவராது; ஆங்கிலத்திலேயே எழுதிவிடுங்கள்.” எத்துணை எளிதாக மொழிமேல் பழி ஏறிவிடுகின்றது! ஒருங்குறியின் முதற்பதிப்பு வெளிவந்த 1991-ஆம் ஆண்டிலேயே தமிழுக்கு அதில் இடமுண்டு. குற்றம் தமிழினது அன்று; பெரும்பாலும் அமைவுக்கோப்பில் விடுபட்ட ஒரு வரியினது.

கேள்விக்குறியும் குப்பையெழுத்தும் ஒன்றல்ல. யு.டி.எஃப்-8 குறியாக்கத்தில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட்டுகளாகும். அவற்றை மூன்று இலத்தீன் எழுத்துகளெனத் தவறாகப் படித்தால் குப்பை தோன்றும். அங்கே தமிழ் வேற்றுடையில் உயிரோடுதான் இருக்கின்றது, பெரும்பாலும் மீட்கலாம். கேள்விக்குறியோ, தமிழறியாக் குறியாக்கத்தில் எழுதப்போய் எழுத்தையே எறிந்துவிட்டதன் அடையாளம். அது தரவுத்தளத்திற்குள் புகுந்துவிட்டால், வேறு படி இருந்தாலன்றி மீட்பில்லை. ஆகவே, கேள்விக்குறி கண்ட அன்றே படிவத்தை நிறுத்திவைப்பது அறிவுடைமை.

பிறகு எங்கே தேடுவது? அப்பாச்சி தாம்கேட்டு என்னும் பயன்பாட்டு வழங்கியை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். நினைவகம் போதவில்லை, 8080 என்னும் துறையெண் வேறொரு நிரலின் கையிலுள்ளது என்பன போன்ற குறைகளை அதன் கேட்டலினா பதிவுக்கோப்பு வாய்விட்டே கூறும். நெடிய பிழைச்சுவடு கண்டு மருள வேண்டா. ‘காசுடு பை’ எனத் தொடங்கும் வரிகளுள் கடைசி வரியில் பெரும்பாலும் வேர் கிடக்கும். எழுத்துச் சிதைவிலோ அக்கோப்பு பெரும்பாலும் வாய் திறப்பதில்லை. வழங்கி அதனைப் பிழையென்றே கருதுவதில்லை!

அங்கே கைகொடுப்பது அணுகல் பதிவு. முகவரி வழியே வந்த வேண்டுகை அதில் வந்தவாறே பதிந்திருக்கும். விழுக்காட்டுக் குறிகளை அடுத்து ‘ஈ0’, பின்னர் ‘ஏஈ’ அல்லது ‘ஏஎஃப்’ என மாறிமாறி வருமாயின், உலாவி தமிழைச் செவ்வையாகவே அனுப்பியுள்ளது. சிதைவு நேர்ந்தது உள்ளே.

இனி அமைவுக்கோப்பு. ‘சர்வர்.எக்சு.எம்.எல்’ கோப்பின் இணைப்பி வரியில் முகவரிக் குறியாக்கம் சுட்டப்படாவிடின், 7-ஆம் பதிப்பு வரை தாம்கேட்டு அதனை இலத்தீன் என்றே கொண்டது; 8-ஆம் பதிப்பில்தான் யு.டி.எஃப்-8 இயல்பாயிற்று. பழையதை விடாது வைத்திருப்போர் அக்குறியாக்கத்தை வெளிப்படச் சேர்த்தல் வேண்டும். படிவத்தின் உடலாக வருவனவற்றிற்கு இது போதாது. ‘வெப்.எக்சு.எம்.எல்’ கோப்பில் குறியாக்க வடிகட்டியை மற்றெல்லா வடிகட்டிகளுக்கும் முன்னே நிறுத்தல் வேண்டும். செய்தியைப் படித்து முடித்தபின் குறியாக்கம் சொல்லிப் பயனென்ன?

அதன்பின்னும் கேள்விக்குறி நீங்கவில்லையெனில் தரவுத்தளத்தை ஆராய்க. மை-எசு-கியூ-எல், 2018-இல் 8.0 பதிப்பு முழுமையுறும் வரை, இலத்தீனையே இயல்பாகக் கொண்டிருந்தது. அட்டவணை, இணைப்பு ஆகிய இரண்டன் குறியாக்கத்தையும் நோக்குதல் வேண்டும்.

பதிவுக்கோப்பிலேயே கேள்விக்குறி கண்டு, எல்லாம் அழிந்ததென முடிவுகட்டவும் கூடாது. அக்கோப்பை எழுதும் குறியாக்கமே தமிழறியாததாய் இருக்கலாம். உண்மை தரவுத்தளத்தில் தெரியும்.

கோப்பைப் படியெடுத்து வைத்து, ஒருமுறைக்கு ஒரு வரியே மாற்றி, வழங்கியை மீளத் தொடக்கி, ‘யாழ்’ என்றொரு சொல்லை அனுப்பிப் பார்க்கலாம். நான்கு வரிகளை ஒருங்கே மாற்றுவோர்க்குச் சிக்கல் தீர்ந்தாலும், எந்த வரி தீர்த்தது என்பது தெரியாமலே போகும்.