வாசலில் தொங்கும் நட்சத்திரம்

தோழர்களே, ஈரோட்டுச் சேரிகளில் நம் வீடுகளில் தை பிறந்தால் பொங்கல் பொங்கும். அதற்கு யாருக்கும் அஞ்சுவதில்லை. கிறிஸ்துமஸ் நட்சத்திரத்தைத்தான் சில வீடுகளில் உள்ளறையில் தொங்கவிடுகிறோம். பக்திக் குறைவல்ல, பிள்ளைகளின் சாதிச் சான்றிதழ் பற்றிய பயம்.

1950 குடியரசுத் தலைவர் ஆணையில் 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவராகிய நமக்கு இன்றும் கதவு திறக்கவில்லை. தமிழ்நாட்டில் மதம் மாறினால் பி.சி. ஆகிவிடுகிறோம். 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவருக்கு, ஞானஸ்நானம் பெற்றதையும் ஆலயம் போவதையும் காட்டி, உச்ச நீதிமன்றம் பட்டியல் சாதிச் சான்றிதழை மறுத்தது.

ஞானஸ்நானம் பெற்றாலும் ஊர் நம் தெருவை மறக்கவில்லை. சட்டம் மட்டும் மறந்துவிட்டது. நட்சத்திரம் வாசலுக்கு வரட்டும். சான்றிதழும் கையில் இருக்கட்டும். இரண்டையும் சேர்த்தே கேட்போம்.