கூவியரும் உணவங்காடியும்



மதுரையின் நாளங்காடியையும் அல்லங்காடியையும் பாடிய மாங்குடி மருதனார், மதுரைக்காஞ்சியில் ஓர் இரவுக் காட்சியையும் காட்டுகிறார். மெல்லிய அடையும் பூரணம் பொதிந்த மோதகமும் விற்ற கூவியர், தம் பண்டங்களின் அருகிலேயே கண்ணயர்கின்றனர். பண்டத்தின் சுவையோடு விற்றவரின் களைப்பையும் புலவர் கண்டார் என்பதே அப்பகுதியின் சிறப்பு.

அக்கூவியரின் தொழில்வழியினரைச் சிங்கப்பூரின் உணவங்காடி நிலையங்களில் இன்றும் காணலாம். தேக்கா நிலையத்தில் ஒரு தட்டு மீ கோரிங் வாங்குவோர், அந்த உணவுடன் மூன்று இனத்தாரின் உறவையும் பெறுகின்றனர். 'மீ' சீனரின் ஹொக்கியன் சொல். 'கோரிங்' வறுத்தலைக் குறிக்கும் மலாய்ச் சொல். அதனைத் தம் கைப்பக்குவத்தால் தனி உணவாக்கியோர் இந்திய முஸ்லிம் சமையற்காரர்கள். கலவை எனப் பொருள்படும் மலாய்ப் பெயரைத் தாங்கிய ரோஜாக்கிலும் வடை வகைகள் இடம்பெற்றன. தேநீரைக் குவளைக்குக் குவளை உயர்த்தி ஊற்றுவதைத் தமிழர் 'ஆற்றுதல்' என்றனர். மலாய்க்காரர் 'தாரிக்', அதாவது இழுத்தல், என்றனர். செயல் ஒன்று, பார்வை இரண்டு.

இவ்வுணவுகள் தெருவோரத்தில் வளர்ந்தவை. 1968, 1969ஆம் ஆண்டுகளில் ஏறத்தாழ 18,000 தெருவோர வணிகர்கள் பதிவு செய்யப்பட்டனர். 1971 தொடங்கி 1986 வரை அவர்கள் படிப்படியாகக் குழாய்நீரும் கழிவுநீர் வசதியும் உடைய நிலையங்களுக்கு இடம்பெயர்ந்தனர். இப்பண்பாட்டை 2020ஆம் ஆண்டு யுனெஸ்கோ மனிதகுல மரபுப் பட்டியலில் சேர்த்தது.

பெருமை வந்துவிட்டது; கடையைத் தொடர ஆள் வரவேண்டுமே! முதிய கடைக்காரர் பலரின் பிள்ளைகள் வேறு தொழில்களுக்குச் சென்றுவிட்டனர். அதில் குற்றமில்லை, அவர்களைப் படிக்கவைத்ததும் அந்தக் கல்லடுப்பின் வருவாயே. பரோட்டா மாவைப் பிசைந்து, உருட்டி, எண்ணெயில் ஊறவைத்து, வீசி விரித்து, மடித்துச் சுடும் உழைப்பிற்கு அந்தச் சிறிய விலை ஈடாகுமா? குளிரூட்டப்பட்ட காப்பிக்கடையில் கேட்ட விலையைத் தயங்காது தருவோர், அங்காடியில் அரை வெள்ளி ஏறினால் முகம் சுளிக்கின்றனர். ஏழைத் தொழிலாளிக்கு மலிவான உணவு வேண்டும் என்பது நியாயமே. ஆயினும், வசதி உடையவரும் அம்மலிவையே உரிமையாகக் கொள்ளும்போது, அதன் சுமை அடுப்பருகே நிற்பவரின் தோளில் ஏறுகிறது.

தமிழ் இலக்கிய வட்டத்தார்க்கும் இதில் ஒரு கடமை உண்டு. அக்கடைகளில் உண்ணுங்கள், உரிய விலையை மனமுவந்து தாருங்கள். உண்டபின் சற்றே அமர்ந்து, கடைக்காரரின் பக்குவத்தையும் தொழிற்சொற்களையும் கேட்டு எழுதி வையுங்கள். கடை மூடிய பின்னர்க் கேட்பதற்கு எவரும் இரார். கூவியரின் உறக்கத்தையும் பாடத்தக்கதாகக் கருதியது தமிழ். அந்தத் தமிழுக்கு இது புதிய பணியன்று.