கடல் கடந்த வருமானமும் வரி நியாயமும்

(லக்ஷ்மிபாய் நகரில் உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம்மில் பலருடைய பிள்ளைகள் அமெரிக்கப் பிரஜைகள். அந்த நாடு குடியுரிமையைப் பார்த்தே வரி கேட்கிறது. எங்கே சம்பாதித்தாலும் கணக்குக் காட்ட வேண்டும். நம் நாட்டில் பெரும்பாலும் வசிப்பிடம்தான் அளவுகோல். ஆனாலும் அந்தப் பிள்ளை மயிலாப்பூர் ஃப்ளாட்டை விற்றால், வாங்குபவர் டி.டி.எஸ். பிடித்துக்கொண்டுதான் பணம் தருவார். சொத்து இங்கே இருப்பதால் அது நியாயமே.

கம்பெனிகள் விஷயம் வேறு. 2007-இல் ஹட்ச் டெலிபோன் நிறுவனத்தின் 67 சதவீதத்தை வோடஃபோன் சுமார் 1,100 கோடி டாலருக்கு வாங்கியது. டவர்களும் சந்தாதாரர்களும் இந்தியாவில். கைமாறியதோ கேமன் தீவுக் கம்பெனி ஒன்றின் ஒரே ஒரு பங்கு! விற்றவரின் லாபத்துக்கு டி.டி.எஸ். ஏன் பிடிக்கவில்லை என்று வரித்துறை வோடஃபோனைக் கேட்டது. 2012 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் கம்பெனி பக்கம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு அரசு, 1962 முதல் அமலாகும்படி சட்டத்தைத் திருத்தியது.

வரி கேட்டது சரி, ஐம்பது வருஷம் பின்னோக்கிக் கேட்டது தவறு என்பது என் அபிப்பிராயம். 2020-இல் சர்வதேச நடுவர் மன்றம் நமக்கு எதிராகச் சொன்னது. 2021-இல் பார்லிமெண்ட் பழைய கோரிக்கைகளைக் கைவிட வழிசெய்தது. 2012 மே 28 முதல் நடந்த இத்தகைய விற்பனைக்கு வரி உண்டு. ஆனால் இங்குள்ள சொத்து 10 கோடி ரூபாயைத் தாண்ட வேண்டும்.

பிள்ளையின் ஃப்ளாட்டுக்கு அப்படிக் கீழ்வரம்பு எதுவும் கிடையாது. உள்ளூரில் வசிப்பவருக்கு 50 லட்சத்துக்குக் கீழ் பிடித்தமே இல்லை! விற்குமுன் குறைந்த பிடித்தத்துக்கான சான்றிதழை வரித்துறையிடம் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.