திருவல்லிக்கேணி தந்த பாடம்

 

சென்ற ஞாயிறன்று நம் பிள்ளைகளோடு ஸ்ரீபெரும்புதூரிலிருந்து திருவல்லிக்கேணிக்குப் போய் வந்தோம். 1795இல் எழுந்த வாலாஜா பெரிய பள்ளிவாசலில் அஸர் தொழுதோம். கண்ணியத்திற்குரிய காயிதே மில்லத் அவர்களின் அடக்கத்தலத்தில் துஆச் செய்தோம். அந்தப் பள்ளியின் கட்டட ஆண்டைக் குறிக்கும் பாரசீக வரிகளை எழுதியவர் ராஜா மக்கன்லால் என்ற இந்துப் பெருமகன். ரமலானில் அங்கே நோன்பு திறக்க உணவு பரிமாறி வருவோர் சிந்தி இந்துச் சகோதரர்கள்.

நம் ஊரிலோ, ஒரகடம் ஆலைகளுக்கு வேலைக்கு வந்து நம் தெருவிலேயே தங்கியிருக்கும் வெளிமாநிலப் பிள்ளைகளின் பெயர்கூட நமக்குத் தெரியாது. வரும் ரமலானில் மதம் பாராமல் அவர்கள் கையிலும் ஒரு குவளை நோன்புக் கஞ்சி கொடுப்போம்; பெயரையும் கேட்டறிவோம். அல்லாஹ் அருள்புரிவானாக, ஆமீன்.