அம்மியில் அரைத்த வெண்ணெய்ப்பழம்



வெளிமாநிலங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஊரிலிருந்து வரும் மூட்டையைப் பற்றி நாங்கள் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. முருங்கைக்காய், சின்ன வெங்காயம், மோர் மிளகாய், சுண்டை வற்றல் என்று அதனுள் இருப்பவை அனைத்தும் நீங்கள் அறிந்தவையே. கொல்கத்தாவின் தென்மேற்கே ஹூக்ளி நதிக்கரையில் கார்டன் ரீச் என்ற பகுதியில் இருக்கும் எங்கள் இல்லத்திற்குச் சென்ற ஆண்டு ஆடி மாதக் கடைசியில் வந்த மூட்டையில், இவற்றோடு வைக்கோலில் பொதிந்த பன்னிரண்டு வெண்ணெய்ப்பழங்களும் இருந்தன. அவற்றை அம்மியில் வைத்து, குவாக்கமோலி என்னும் மெக்சிகோ நாட்டுத் துவையலை நாங்கள் அரைத்துண்ட கதையையே இன்று கூற முற்படுகிறோம்.

முதலில் இந்த இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கார்டன் ரீச் என்பது வந்தேறிகளின் ஊர். அயோத்தி நாட்டை இழந்த நவாப் வாஜித் அலி ஷா 1856ஆம் ஆண்டு இங்கே மேட்டியாபுரூசில் வந்து தங்கினார். அவர் சமையற்காரர்களின் வழியாகவே கொல்கத்தா பிரியாணியில் உருளைக்கிழங்கு புகுந்தது என்று இங்குள்ளோர் இன்றும் பெருமையோடு சொல்வார்கள். பிற்காலத்தில் துறைமுகத்தையும், கப்பல் கட்டும் தளத்தையும், தென்கிழக்கு ரயில்வேயின் தலைமை அலுவலகத்தையும் நாடித் தென்னாட்டார் பலர் வந்து சேர்ந்தனர். மத்திய அரசின் மொழிபெயர்ப்புப் பணியை ஏற்று நாங்களும் அவ்வாறே வந்தவர்கள்தாம்.

எங்கள் தந்தையார் காலமான பிறகு தாயாரை ஊரில் தனியே விட மனமின்றி இங்கே அழைத்து வந்தோம். அவர் பிறந்தது திண்டுக்கல் மாவட்டத்தில், கீழ்ப்பழனி மலையின் தாண்டிக்குடிப் பக்கம். வங்காள மொழி அவருக்குத் தெரியாது, இந்தியும் தெரியாது. நாங்கள் அலுவலகம் சென்றபின், பள்ளி விட்டுப் பேத்தி வரும்வரை வீட்டில் அவரோடு பேச ஒருவருமில்லை. சில மாதங்களில் அவருடைய உணவு குறைந்தது, பேச்சும் குறைந்தது. எது வைத்தாலும் "போதும்ப்பா" என்பார். வைத்தியர் உடம்பில் குறையொன்றும் காணவில்லை.

அந்த நிலையில் ஒரு நாள் எங்கள் மகள், தோழி வீட்டில் குவாக்கமோலி உண்டதாகவும் அது தனக்கும் வேண்டுமென்றும் கேட்டாள். நகரத்துக் கடையொன்றில் சிறு டப்பாவில் அடைத்து விற்றார்கள். விலையைச் சொன்னால் நேயர்கள் எங்களை ஊதாரிகள் என்பீர்கள்; ஆகையால் சொல்லோம். திறந்து பார்த்தால் மேற்புறம் சேற்று நிறம். வாயில் இட்டால் புளிப்பன்றி வேறு சுவையில்லை. எங்கள் தாயார் விரல் நுனியால் தொட்டு நாவில் வைத்து, சிறிது நேரம் யோசித்தார்.

"இது பட்டர் பழம்ல? எங்க அய்யா வேலை பார்த்த காப்பித் தோட்டத்துல நிழலுக்கு நிக்குமே. கீழே விழுந்து கெடக்கும். நாங்க வெல்லம் போட்டுப் பிசைஞ்சு தின்போம். இதை இப்படிப் பாழாக்கி வச்சிருக்கானே!"

பல வாரங்களுக்குப் பிறகு அவர் பேசிய நீண்ட பேச்சு அதுவே. மறுநாளே தாய்மாமனுக்குத் தொலைபேசியில் சொன்னோம், மூட்டை வந்தது.

இனி செய்முறைக்கு வருவோம். வெண்ணெய்ப்பழத்திற்கு ஒரு விந்தையான இயல்புண்டு. அது மரத்தில் முற்றுமேயன்றிப் பழுக்காது. பறித்த பின்னரே பழுக்கும். ஆதலால் கல்லைப் போன்ற காயாகவே அது ரயிலில் பயணம் செய்யும். நமக்கு இது பெரும் அனுகூலம். வந்த காய்களைத் தாயார் அரிசிப் பானையில் புதைத்து, நடுவே இரண்டு வாழைப்பழங்களையும் வைத்தார். பழுக்கும் வாழை வெளியிடும் எத்திலீன் என்னும் வாயு மற்றக் காயையும் பழுக்கச் செய்யும் என்பது நூல் கூறும் காரணம். தாயாருக்குக் காரணம் தேவைப்படவில்லை. கொல்கத்தாவின் புழுக்கத்தில் நான்காம் நாள் காம்புப் பக்கம் மெல்ல அழுத்தினால் இணங்கியது. காயாக இருக்கையில் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் அது சரிவரப் பழுக்காமலே கெட்டுப்போகும். பழுத்த பின் வைத்தால் இரண்டு மூன்று நாள் தாங்கும்.

அம்மி எங்கள் வீட்டில் இருந்தது. ஆனால் மின்சார மிக்சி வந்தபின் அதன் மேல் செருப்புப் பெட்டி வைத்திருந்தோம். வெட்கத்தை விட்டுச் சொல்கிறோம். அரைப்பு வழுக்கிப்போன அக்கல்லைக் கொத்த வேண்டியிருந்தது. நம்மூர்த் தெருக்களில் முன்பு அம்மி கொத்துவோர் கூவி வந்ததைப் போல, வங்காளத்திலும் 'ஷீல் காட்டாவ்' என்று கூவி வருவோர் உண்டு. அம்மியை இவர்கள் ஷீல் என்றும் குழவியை நோடா என்றும் அழைப்பர். இன்று அவர்களும் அருகி வருகின்றனர். ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தகைய முதியவர் ஒருவர் கிடைத்தார். அவர் உளியால் கொத்திய ஒரு மணி நேரமும் தாயார் அருகில் அமர்ந்து, தமிழிலேயே 'இங்கே, இங்கே' என்று காட்டிக்கொண்டிருந்தார். அவரும் சரியாகவே கொத்தினார்.

முதல் முறை செய்தது தோல்வி. அதை மறைப்பானேன்? அயல்நாட்டுக் குறிப்புகளில் சொல்லப்படுவது பெரும்பாலும் ஹாஸ் என்னும் வகை. அது கருந்தோலும் கொழுப்பு மிகுந்த சதையும் உடையது. கலிபோர்னியாவில் 1935ஆம் ஆண்டு உரிமைப்பதிவு பெற்றது. நமது மலைகளில் விதையால் முளைத்து வளர்ந்த மரங்களின் பழமோ பெரும்பாலும் பெரிதாய், பச்சைத் தோலோடு, நீர்ச்சத்து மிகுந்திருக்கும். குறிப்பில் கண்டபடி தக்காளியை முழுதாகச் சேர்த்தோம், துவையல் ரசமாயிற்று. இரண்டாம் முறை தாயார் குறிப்பைத் தள்ளி வைத்துவிட்டார்.

அவர் செய்தது இது. நால்வருக்கு நடுத்தரமான பழம் இரண்டு. முதலில் கல்லுப்பு, இரண்டு பச்சை மிளகாய், ஆறு சின்ன வெங்காயம், ஒரு பிடி கொத்தமல்லித்தழை இவற்றை அம்மியில் ஒன்றிரண்டாக நசுக்கினார். உப்பின் பருக்கை மிளகாயின் சாற்றை இழுத்துவிடும். இந்தப் படியைத் தவிர்த்தால் காரம் ஓரிடத்திலும் உப்பு ஓரிடத்திலும் நிற்கும். அதன் பின்னரே பழச்சதையை வழித்திட்டுக் குழவியை இரண்டு மூன்று முறை உருட்டினார். விழுதாக அரைக்கலாகாது, கட்டி சிறிது இருந்தாலன்றி வாய்க்கு வேலையில்லை. தக்காளியின் விதையையும் நீரையும் பிழிந்தெறிந்து, சதையைப் பொடியாக அரிந்து, வழித்தெடுத்த பின் கிண்ணத்தில் கலந்தார். எலுமிச்சைக்கு மட்டும் வங்காளத்தின் துணையை நாடினோம். கந்தராஜ் லேபு என்னும் நீண்ட எலுமிச்சை இங்கே கிடைக்கும். சாறு அதில் குறைவு, மணமோ வீட்டையே நிறைக்கும். சாற்றுக்குச் சாதாரண எலுமிச்சையும், மணத்துக்குக் கந்தராஜின் மேல்தோல் சீவலும் கொண்டோம். வெள்ளைப் பகுதி வரை சீவினால் கசக்கும்.

டப்பாவில் கண்ட சேற்று நிறத்தின் காரணமும் விளங்கிற்று. அரிந்த வாழைக்காய் கறுப்பது போலவே, சதையிலுள்ள ஒரு நொதியைக் காற்று தீண்டுவதால் இதுவும் பழுப்பாகிறது. புளிப்பு அதைச் சற்றே தாமதப்படுத்தும், அவ்வளவே. கொட்டையை நடுவில் வைத்தால் நிறம் மாறாது என்பார்கள். கொட்டை மூடிய இடம் மட்டுந்தான் மாறாது. வாழையிலைத் துண்டைத் துவையலின் மேல் காற்றுப் புகாமல் ஒட்ட அழுத்தி வைப்பது பயன் தரும். அதனினும் மேலானது, அரைத்தவுடன் உண்பது.

மொழிபெயர்ப்பையே பிழைப்பாகக் கொண்ட எங்களுக்குச் சொல்லின் மீது ஓர் ஆசை. மெக்சிகோவின் தொன்மொழியாகிய நாவாட்லில் அவாக்கட்ல் என்பது இப்பழம். மோல்லி என்பது சாந்து. இரண்டும் சேர்ந்து ஸ்பானியர் நாவில் குவாக்கமோலி ஆயிற்று. அவர்கள் அரைத்ததும் கல்லில்தான். மூன்று கால்கள் கொண்ட எரிமலைக் கல்லுரலில். மெக்சிகோ ஸ்பானியர் வசமான 1521ஆம் ஆண்டுக்குப் பிறகே வெங்காயமும் கொத்தமல்லியும் எலுமிச்சையும் கடல் கடந்து அங்கே சென்றன. மிளகாயும் தக்காளியும் அங்கிருந்து இங்கே வந்தன. அம்மியில் கிடந்த அத்தனையும் ஊர் மாறியவை என்று மகளிடம் சொன்னோம். அவள் அப்பத்தாவிடம் அதைச் சொல்ல, அவர், "மிளகாய் நம்மூர்து இல்லையாக்கும்!" என்று நம்ப மறுத்தார். இன்றுவரை நம்பவில்லை.

வாசனை பிடித்து வந்தவர் எதிர்வீட்டு வங்காள மாது. சுவைத்துப் பார்த்து 'மாக்கா' என்றார். வெந்த உருளைக்கிழங்கை வெங்காயமும் மிளகாயும் கடுகெண்ணெயும் விட்டுப் பிசைவதற்கு இங்கே அதுதான் பெயர். உடனே தம் வீட்டிலிருந்து கடுகெண்ணெய் கொணர்ந்து இதிலும் ஒரு சொட்டு விட்டார். எங்களுக்கு அது பிடிக்கவில்லை; தாயாரோ இரண்டாம் முறை கேட்டு வாங்கினார். அன்று முதல் பிற்பகலில் அவ்விருவரும் அம்மியைச் சுற்றி அமர்கின்றனர். ஒருவர் தமிழிலும் மற்றவர் வங்காளத்திலும் பேசுகின்றனர். என்ன பேசுகின்றனர் என்று எங்களுக்குத் தெரியாது. கேட்டால் இருவரும் சிரிக்கின்றனர். தாயார் இப்பொழுது இரண்டு தோசை உண்கிறார்.

ஒரு எச்சரிக்கை. இப்பழத்தின் தோலையும் இலையையும் ஆட்டுக்குப் போடலாகாது. கூண்டுப் பறவைக்குப் பழத்தையே காட்டலாகாது. அவற்றுக்கு அது நஞ்சு. எங்கள் சந்தில் ஆடுகள் மிகுதி; ஆகவே குப்பையை மூடிக் கட்டி வைக்கிறோம்.

கொட்டைகளுள் ஒன்றைத் தாயார் மாடியில் பழைய தொட்டியில் ஊன்றினார். அது ஒன்றரை முழம் வளர்ந்து நிற்கிறது. விதைக் கன்று காய்க்க ஆறேழு ஆண்டுகளுக்கு மேலும் ஆகலாம். தொட்டியிலோ காய்ப்பதே அரிது என்று சொன்னோம். அதுவரை உங்களை இந்த ஊரில் வைத்திருப்பார்களா, மாற்றல் வந்தால் தொட்டியை ரயிலில் ஏற்ற விடுவார்களா என்று கேட்கிறார். பார்சல் அலுவலகத்தில் கட்டணத்தை விசாரித்து வைத்திருக்கிறோம்.